கார் திரையில் பிள்ளையார் சுழி: ராஸ்பெரி பைக்கு ஒரு தொடக்கத் திரை

இப்போது அப்பாவின் காரில் திறப்பைத் திருப்பினால், கறுப்புத் திரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு உ தானாக எழுதப்பட்டு வருகிறது, கீழே இரண்டு கோடு விழுகிறது, பிறகு ‘கவனமாய்ப் போட்டு வாங்கோ’ என்ற வரி மெல்லத் தெளிகிறது. அது நிற்கும்போதே பாட்டுப் பட்டியல் வந்துவிடுகிறது. இடையில் வெள்ளை எழுத்து ஓடுவதில்லை, வானவில் சதுரம் இல்லை, நீலத் திரை இல்லை. படம் வரைவது இதில் சின்ன அலுவல். திறப்பைத் திருப்பியதிலிருந்து பாட்டு வரும்வரை திரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பதில்தான் நேரம் முழுவதும் போனது. நான் போன வரிசையிலேயே எழுதுகிறேன்.

கார் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. அதோடு வந்த ரேடியோ செட் முழுக்க ஜப்பானிய மொழி, வரைபடமும் ஜப்பானுடையது. அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும், பழைய செட்டுகளில் 90 உடன் நின்றுவிடும். இங்கே நிலையங்கள் 88 முதல் 108 வரை, ஆகவே முக்கால்வாசி பிடிக்காது. நிலையங்களைச் செட் பிடிக்கும் எல்லைக்குள் இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தோம். பற்றரியைக் கழற்றி மாற்றிய பிறகு செட் பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கத் தொடங்கியது, கொழும்பில் இப்படியான கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. சரி, இதைக் கழற்றிவிட்டு நாமே ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

வாங்கியவை: 4 ஜிபி ராஸ்பெரி பை 4 (ஒரே பலகையில் அடங்கும் சின்னக் கணினி, இனி வெறும் ‘பை’), 7 அங்குல எச்டிஎம்ஐ மொனிட்டர் (1024 x 600, பின்பக்கக் கமராவுக்குத் தனி ஏவி உள்ளீடு இருப்பதாகப் பார்த்து எடுத்தது), பக் கன்வர்ட்டர் (காரின் 12 வோல்ட்டைப் பைக்கு ஏற்ற 5 வோல்ட் அளவுக்கு இறக்குவது), இரண்டு டைமர் ரிலே (வைத்த நேரம் கழித்து மாறும் மின் சுவிட்ச்), வயர், ஃபியூஸ். பையும் மொனிட்டரும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை விசாரித்து எடுத்தேன், இரண்டும் சேர்ந்து 50,000 ரூபாவுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. சில்லறைச் சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், 4,000 ரூபாவுக்குள். செட்டின் பின்னால் வரும் வயர் கனெக்டருக்கு ஜோடியான மறுபாதியைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தேன். இதைச் செய்யாமல் காரின் வயரை வெட்டாதீர்கள், நாளைக்குப் பழைய செட்டைத் திரும்பப் போட வேண்டி வந்தால் அவஸ்தை.

முதலில் மின்சாரம். தொடக்கத் திரையை எழுத வந்த இடத்தில் இதற்கு இவ்வளவு இடம் ஏன் என்றால், அந்தத் திரை இரண்டு தடவை வருவதற்குக் காரணமே மின்சாரம்தான். ஆரம்பத்தில் சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் ஒரு அடாப்டரைச் செருகிப் பார்த்தேன். திறப்பை ஏசிசி நிலைக்கு (என்ஜின் ஓடாமலே ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் வரும் இடம்) திருப்பினால் பை இயங்கத் தொடங்கும். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குக் கார் ஏசிசி இணைப்பைத் துண்டித்துவிடும், பற்றரியின் பலம் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்பதற்காக. பை அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படம் பாதி வந்து மறைந்து திரும்ப வரும். பார்க்க வடிவில்லை என்பது ஒருபக்கம், எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெட்டுப்போகும் என்பது பெரிய பக்கம்.

ஆகவே பற்றரியிலிருந்து நேராக 5 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு வயர் இழுத்து, அதை ஒரு ஆஃப் டிலே டைமர் ரிலே வழியாகப் பக் கன்வர்ட்டருக்குக் கொடுத்தேன். ஏசிசி வந்ததும் ரிலே மூடும், ஏசிசி போனாலும் 45 விநாடி பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் இடைவெளி பைக்குத் தெரியவே தெரியாது. கார் நின்ற பிறகு ஏசிசி போய்விட்டது என்று பைக்குச் சொல்ல ஒரு பிசி 817 ஆப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் வயரால் இணைக்காமல் ஒளியால் சைகை கடத்தும் சிப்), 12 வோல்ட் பக்கத்தில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். பையின் ஜிபிஐஓ கால்கள் (சைகை வாங்கும் முனைகள்) 3.3 வோல்ட்டுக்குத்தான், காரின் 12 வோல்ட்டை அங்கே நேராகத் தொட்டால் பை முடிந்தது. ஏசிசி தொடர்ந்து 10 விநாடி இல்லையென்றால் முறையாக மூடிக்கொள்ளும்படி ஒரு சின்ன பைத்தான் நிரல் பார்த்துக்கொள்கிறது. மூடி முடிந்த பிறகு ரிலே விழுந்துவிடும், இரவெல்லாம் பற்றரியை உறிஞ்சாது.

பக் கன்வர்ட்டரில் எக்ஸ்எல் 4015 சிப் உள்ளதை எடுங்கள். உள்ளீடு 8 வோல்ட் வரை இறங்கினாலும் அது தாங்கும். ஸ்டார்ட் பண்ணும்போது மல்டிமீட்டரில் நான் பார்த்த மிகக் குறைந்த அளவு 9.8 வோல்ட், மீட்டர் மெதுவானது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். வெளியீட்டை 5.2 வோல்ட்டுக்குத் திருகி வைத்தேன். அப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’ என்று ஒரு வெள்ளை வரி கறுப்புத் திரையின் குறுக்கே வந்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இப்படிச் சொல்லும். கன்வர்ட்டரின் வாயில் 5.2 இருந்தது, பையின் வாயில் அளந்தால் 4.7 தான், இடையில் நான் போட்ட மெல்லிய யூஎஸ்பி வயர் அரை வோல்ட்டைத் தின்றிருக்கிறது. 18 கேஜ் வயர் போட்டதும் அந்த வரி நின்றது. செய்தியை மட்டும் மறைக்க வழி இருக்கிறது, ஆனால் அதை மறைத்துவிட்டுக் குறைந்த மின்சாரத்தில் ஓடவிட்டால் பிறகு எதற்கு எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது மொனிட்டர். அது தானும் ஒரு தொடக்கத் திரை வைத்திருக்கிறது: தயாரிப்பாளரின் அடையாளம், பிறகு நீல நிறத்தில் ‘நோ சிக்னல்’. பை எச்டிஎம்ஐயில் எதையாவது அனுப்பத் தொடங்குமுன் மொனிட்டர் விழித்துவிடுவதுதான் காரணம். அதன் உள்ளே கைவைக்க வழியில்லை, ஆகவே அதைப் பிந்தி எழுப்பினேன். மொனிட்டரின் 12 வோல்ட்டில் ஒரு ஆன் டிலே ரிலே, 4 விநாடி. ஆனால் காரை எடுத்ததும் ரிவர்ஸ் போடுபவர்களுக்குக் கமரா உடனே வேண்டும், எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வருவதே பின்பக்கமாகத்தான். அதற்காக ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து 1என்4007 டயோட் ஒன்றின் வழியாக மொனிட்டருக்கு நேராகவும் ஒரு பாதை கொடுத்தேன். ரிவர்ஸ் கியர் விழுந்தால் டைமரைப் பார்க்காமல் மொனிட்டர் எழும், ஏவி உள்ளீட்டுக்குத் தானே மாறும். எந்தத் தொடக்கத் திரையும் கமராவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இனி பைக்குள்ளே. முதலில் டெஸ்க்டாப்போடு வரும் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டிருந்தேன். படத்துக்கும் பாட்டு மென்பொருளுக்கும் இடையில் டாஸ்க்பார் ஒரு கணம் எட்டிப் பார்த்தது, டெஸ்க்டாப் பின்னணிக்கும் அதே படத்தை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் காரில் டெஸ்க்டாப்பே தேவையில்லை. அழித்துவிட்டு லைட் பதிப்பைப் போட்டு, அதன் மேல் கோடி என்ற மீடியா பிளேயரை ஒரு சிஸ்டம்டி சேவையாக (பை எழும்போது தானே தொடங்கும்படி) ஓடவிட்டேன். ஒரு கைமாற்றம் குறைந்தது. தொடக்கத் திரையைக் காட்டும் ப்ளைமவுத் லைட் பதிப்பில் வராது, தனியாக நிறுவ வேண்டும்.

பை விழித்ததும் முதலில் வருவது வானவில் சதுரம். பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் டிஸேபிள் ஸ்பிளாஷ் என்பதை 1 ஆக்கினால் போய்விடும். பிறகு மேல் இடது மூலையில் நான்கு ராஸ்பெரிப் பழங்கள், சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் ஒன்று. அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அடையாளம். கெர்னலுக்கு அமைப்புகளைச் சொல்லும் சிஎம்டிலைன் கோப்பில் ‘லோகோ.நோலோகோ’ என்று சேர்த்ததும் மறைந்தது. துடிக்கும் கர்சருக்கு ‘விடி.குளோபல் கர்சர் டிஃபால்ட்’ என்பதை 0 ஆக்க வேண்டும், சொற்களுக்கு நடுவே இடைவெளி வராது, அடிக்கோடு வரும். ஓடும் எழுத்துகளுக்கு ‘குவைட்’, அதோடு கன்சோலை, அதாவது அந்த எழுத்துகள் வரும் திரையை, டிடிஒய் 1 இலிருந்து டிடிஒய் 3 க்கு மாற்றுவது. படம் வர ‘ஸ்பிளாஷ்’.

இந்தக் கோப்பில் எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டும். என்டர் தட்டி இரண்டாம் வரியில் எழுதினால் அது கணக்கில் வராது, பிழை என்றும் சொல்லாது. இன்னொன்று, ‘ப்ளைமவுத்.இக்னோர் சீரியல் கன்சோல்ஸ்’ என்ற சொல்லும் அந்த வரியில் இருக்க வேண்டும். வரி நீளமாகிவிட்டதே என்று நான் அதைத் தூக்கிவிட்டேன், உடனே படம் போய் எழுத்துத் திரை வந்து நின்றது. சீரியல் கன்சோல் (வயர் வழியாக வேறொரு கணினிக்கு எழுத்தை அனுப்பும் வழி) இருப்பதைக் கண்டால் ப்ளைமவுத் படத்தை விட்டுவிட்டு எழுத்துக்குப் போய்விடும், அந்தச் சொல்தான் அதைத் தடுக்கிறது.

மொனிட்டர் தன்னை 1920 x 1080 என்று பைக்கு அறிமுகம் செய்துகொள்கிறது, பிறகு வந்த படத்தைச் சுருக்கிக் காட்டுகிறது, எழுத்தெல்லாம் மங்கலாகிவிடும். அதே வரியில் வீடியோ என்ற அமைப்பில் எச்டிஎம்ஐ ஏ 1 க்கு 1024 x 600, 60 ஹெர்ட்ஸ் என்று எழுதி, கடைசியில் டி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தையும் (D) போட்டேன். அந்த டி, மொனிட்டர் இன்னும் விழிக்காவிட்டாலும் சிக்னலை அனுப்பு என்று அர்த்தம். மொனிட்டரைப் பிந்தி எழுப்புவதால் இது கட்டாயம்.

இப்போது படம். நான் முதலில் வரைந்தது காரின் பக்கவாட்டு உருவம், பின்னால் நீலத்திலிருந்து கறுப்புக்கு இறங்கும் வண்ணம். வண்ண இறக்கம் திரையில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, “தம்பி, பிள்ளையார் சுழி போடாமல் என்னடா தொடக்கம்?” என்றார். கடிதமோ கணக்குக் கொப்பியோ, எங்கள் வீட்டில் உ போட்டுக் கீழே இரண்டு கோடு கீறாமல் எதையும் எழுதத் தொடங்குவதில்லை. தொடக்கத் திரைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. அதுவும் நின்ற படமாக இல்லாமல், கையால் எழுதுவது போல வர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

எழுத்துருவிலிருந்து உ எடுத்தால் இது நடக்காது. எழுத்துரு தருவது எழுத்தின் வெளிக்கோட்டை, பேனா போன பாதையை இல்லை. இங்க்ஸ்கேப்பில் பேனாக் கருவியை எடுத்து, உள்ளே உள்ள சுழியில் தொடங்கி, மேலே வளைந்து, இறங்கி, வலப்பக்கம் நீளும் ஒரே கோடாக வரைந்தேன், தடிப்பு 26 பிக்சல், முனை உருண்டை. கோட்டை டாஷ் கோடாக மாற்றி, டாஷின் தொடக்கப் புள்ளியைப் படிப்படியாக நகர்த்தினால் எழுத்து வளர்ந்துகொண்டே வரும். முதல் தடவை ஓடவிட்டபோது கோடு வாலிலிருந்து தொடங்கிச் சுழிக்குள் போய் முடிந்தது. அம்மாதான் கண்டுபிடித்தார், “தலைகீழாய் எழுதுது” என்று. பாதையைத் திருப்பிப் போடும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்ததும் சரியானது.

மொத்தம் 50 படங்கள்: உ எழுத 40, கோடுகளுக்கு 10. ப்ளைமவுத் விநாடிக்கு 50 தடவை திரையைப் புதுப்பிக்கும், இரண்டு புதுப்பிப்புக்கு ஒரு படம் என்று வைத்தால் 2 விநாடியில் முடியும், கையால் எழுதும் வேகமும் ஏறத்தாழ அதுதான். முழுத் திரை அளவில் 50 படம் வைத்தபோது விக்கி விக்கி ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1024 x 600 படம் ஒன்று நினைவகத்தில் விரிந்தால் சுமார் 2.4 எம்பி, ஐம்பதுக்கு 120 எம்பிக்கு மேல். 320 x 320 ஆக வெட்டியதும் எல்லாம் சேர்ந்து 20 எம்பிதான், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கோப்புப் பெயர்களில் 01, 02 என்று பூச்சியம் போடாதீர்கள், நிரலில் எண்ணை நேராக ஒட்டித்தான் பெயர் உருவாகிறது, பூச்சியம் இருந்தால் முதல் ஒன்பதும் கிடைக்காது.

கீழே உள்ள வரியை ப்ளைமவுத்தின் எழுத்து வசதியைக் கொண்டே எழுதலாம் என்று பார்த்தேன், வெறும் கட்டங்கள் வந்தன. தொடக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய பொதிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. அதை உள்ளே தள்ளுவதைவிட வரியைப் படமாகவே வைப்பது சுலபம். எதில் எழுதினாலும் ‘போட்டு’, ‘வாங்கோ’ இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழை ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாத செயலியில் போ இரண்டாக உடைந்து, கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டிலும் சரியாக வந்தது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், செமிபோல்ட் தடிப்பு.

அளவுக்கு ஒரு கணக்கு. 7 அங்குலத் திரையின் அகலம் சுமார் 154 மிமீ, அதில் 1024 பிக்சல், ஒரு பிக்சல் 0.15 மிமீ. ஓட்டுநர் கண்ணிலிருந்து திரை 70 செமீ தள்ளி இருக்கிறது. 30 பிக்சல் உயர எழுத்தில் ‘ய்’, ‘ப்’ மேலுள்ள புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. 55 பிக்சலில், அதாவது 8 மிமீ உயரத்தில், பின்னேர வெயில் கடல் பக்கமிருந்து அடிக்கும் மரைன் டிரைவிலும் வாசிக்க முடிகிறது. கறுப்புப் பின்னணி இரவுக்காக. வெள்ளைப் பின்னணியில் ஒன்று செய்து பார்த்தேன், இருட்டில் முகத்தில் டோர்ச் அடித்தது போல இருந்தது. திரையைச் சுற்றி வரும் 3 மிமீ அக்ரிலிக் சட்டம் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும், நான்கு பக்கமும் 40 பிக்சல் வெறுமையாக விடுங்கள். சட்டம் வெட்டுமுன் கார் இடத்தை அளந்துகொள்ளுங்கள், 2 டின் (கார் செட் இடத்தின் பொது அளவு ஒன்று) என்றால் 180 x 100 மிமீ என்று பொதுவாகச் சொல்வார்கள், சில ஜப்பான் கார்களில் அகலம் 200 மிமீ.

படங்களை மாற்றியதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய படமே வரும். ரீட் ஒன்லி ஓவர்லே (கார்டில் எழுதாமல் மாற்றங்களை நினைவகத்தில் மட்டும் வைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். மின்சாரம் திடீரென்று போனாலும் கார்டு கெடாமல் இருக்க ஓவர்லே நல்லது, ஆனால் அது இருக்கும்போது செய்த மாற்றம் எல்லாம் அடுத்த தடவை காணாமல் போய்விடும்.

கடைசிக் கைமாற்றம் ப்ளைமவுத்திலிருந்து கோடிக்கு. ப்ளைமவுத் விலகும்போது திரை கறுத்து, உள்நுழையும் வரி தெரிந்தது. அந்த வரியைக் காட்டும் முதல் டிடிஒய்யின் கெட்டி சேவையை நிறுத்தினேன். ப்ளைமவுத் விலகும் சேவையில் ‘ரீட்டெயின் ஸ்பிளாஷ்’ சேர்த்தேன், கடைசிப் படம் திரையில் தங்கும். இங்கே ஒரு நுணுக்கம்: சிஸ்டம்டியில் மேலெழுதும் கோப்பில் எக்ஸெக் ஸ்டார்ட்டை (எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் வரி) முதலில் வெறுமையாக்கிவிட்டுப் பிறகு புதியதை எழுத வேண்டும். இது ஒருமுறை ஓடி முடியும் வகைச் சேவை என்பதால், வெறுமையாக்காவிட்டால் பழைய கட்டளையும் சேர்ந்து ஓடும், அதுவே முந்திக்கொண்டு படத்தைத் துடைத்துவிடும். கோடிக்கும் சொந்தத் தொடக்கப் படம் இருக்கிறது, அதன் மீடியா அடைவில் ஸ்பிளாஷ் என்ற பெயரில் எங்கள் கடைசிப் படத்தையே வைத்தேன். ஒரு பிக்சல் விலகாமல் இரண்டும் பொருந்தியதால் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

ப்ளைமவுத் நிரலில் இப்போது தொடக்கமா மூடலா என்று கேட்க முடியும். மூடும்போது சுழி இல்லாமல் ‘வந்து சேர்ந்தாச்சு’ என்று மட்டும் வருகிறது. அப்பாவுக்கு இதுதான் அதிகம் பிடித்தது, வரி மறையும்வரை இறங்காமல் இருக்கிறார்.

ஃபோன் ஸ்டாப்வாட்சில் திறப்பிலிருந்து சுழி தொடங்க 7 விநாடி, பாட்டு வர 19 விநாடி அளவில். நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருக்கும் சேவையை நிறுத்தியதில் சில விநாடி மிச்சம். அந்த முதல் 7 விநாடிக் கறுப்புதான் இன்னும் உறுத்துகிறது. கெர்னலின் அடையாளப் படத்தையே மாற்றினால் இன்னும் முன்னதாக ஏதாவது காட்டலாம், 224 நிறத்துக்குள் அடங்க வேண்டும், கெர்னலைத் திரும்பத் தொகுக்கவும் வேண்டும். செம்மஞ்சளும் கறுப்பும் மட்டுமே உள்ள எங்கள் படத்துக்கு நிறக் கட்டுப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை, ஆகவே அடுத்தது அதுதான். மற்றது, பையை டாஷ்போர்டின் உள்ளே வைத்தது. வெயிலில் நிறுத்திய காரில் அது சீக்கிரமே 80 பாகையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீளமான எச்டிஎம்ஐ வயர் வாங்கி முன் ஆசனத்துக்கு அடியில் மாற்றப் போகிறேன், வயருக்கு 2 மீட்டர் போதும் என்று அளந்து வைத்திருக்கிறேன்.